ஒரு துண்டு தண்ணீர்

எங்கள் நந்தவனத் தெருவின் பொதுத் தொட்டியில் தண்ணீர் உறைந்துபோன வெள்ளிக்கிழமை காலையில் முதலில் வாளியை இறக்கியது பாக்கியத்தாய்தான். வாளி முங்கவில்லை, மெத்தையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துகொண்டது. அவள் கயிற்றை ஆட்டிப் பார்த்து, வாளியைத் தூக்கித் தொப்பென்று போட்டுப் பார்த்து, பிறகு தொட்டிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து ஒரு விரலை விட்டுப் பார்த்து, நிமிர்ந்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில், "யாருளா தொட்டியில ஒறை ஊத்துனது?" என்றாள்.

தண்ணீர் எப்படி உறையும் என்று அவள் கேட்கவில்லை, பல் விளக்கியபடியே வந்து எட்டிப் பார்த்த நாங்களும் கேட்கவில்லை. யார் செய்தது என்பதுதான் எங்கள் தெருவில் எப்போதும் முதல் கேள்வி. பனிக்கட்டி மாதிரி விறைத்தும் இல்லை, சில்லென்றும் இல்லை. நல்ல கைப்பக்குவத்தில் விழுந்த தயிர் எப்படி ஒரு நடுக்கத்தோடு நிற்குமோ அப்படி நின்றது, ஆனால் வெள்ளையாக இல்லாமல் தண்ணீர் நிறத்திலேயே, அடியில் சிமெண்டு வெடிப்பு தெரியும்படி நின்றது, முந்தின நாள் சாயங்காலம் மூடி திறந்த நேரத்தில் மரத்திலிருந்து விழுந்து மூழ்கிக்கொண்டிருந்த ஒரு வேப்பிலை, பாதி ஆழத்தில், போகிற வழியில் யாரோ கூப்பிட்டதுபோல நின்றுபோயிருந்தது.

எனக்கு யார் என்று தெரியும். நாலாம் வீட்டு ஜன்னலில் இருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பதினொரு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிற கரிசல் ஊர் எங்களுடையது. பதினாறு வீட்டுக்கும் சேர்த்து ஒரு சிமெண்டுத் தொட்டி, அதன் பக்கத்தில் ஒரு டிரம், இரண்டுக்கும் ஒரே மாதிரி நீல மூடி. தொட்டியில் நல்ல தண்ணீர், டிரம்மில் பாத்திரம் கழுவிய தண்ணீர். அரிசி களைந்ததோ, டம்ளர் அலசியதோ, ஒரு மடக்குக் கழுவின தண்ணீரைக்கூடத் தரையில் கொட்டக் கூடாது என்பது எங்கள் தெருவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். டிரம்முக்குப் போனால் அது ஆட்டுக்கோ கறிவேப்பிலைச் செடிக்கோ ஆகும், தரையில் கொட்டினால் பதினாறு வாசலிலிருந்தும் பதினாறு சொல் வரும்.

தொட்டிக்கு எதிர்வீடு சீனியம்மாளுடையது. அவள் வீட்டுத் தயிரைச் சட்டியோடு கவிழ்த்தாலும் விழாது என்பார்கள், அது மெய்தான். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு பித்தளைக் கிண்ணத்தில் நேற்றைய தயிரில் எடுத்து வைத்த ஒரு கரண்டியைக் கலக்கி மூடிவிட்டால், காலையில் கத்தி வைத்து அறுக்கலாம். அந்தக் கிண்ணத்து உறைமோர் அவள் கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்தது, முப்பத்தாறு வருஷம், ஒரு நாள்கூட அறுபடாதது. எல்லாத் தயிரையும் சாப்பிட்டாலும் அந்த ஒரு கரண்டி நாளைக்கென்று நிற்கும். கிண்ணத்தை வழிப்பார்கள், துடைப்பார்கள், கழுவ மாட்டார்கள்.

மருமகள் ஆவுடைச்செல்வி தாமிரபரணிக் கரைக்காரி. நாலு வருஷத்துக்கு முன்னால் சீனியம்மாளின் மகன் ராமசுப்புவைக் கட்டிக்கொண்டு வந்தவள், ஆற்றங்கரையில் பிறந்ததால் எந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலும் கழுவத் தோன்றுகிற கை அவளுக்கு, அந்தக் கையை நாலு வருஷம் அடக்கி வைத்திருந்தாள். வயிற்றில் இரண்டாவது தடவையும் தங்காமல் போய், ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்து, எழுந்து அடுப்படிக்கு வந்த முதல் நாள் அது. மனசு எங்கோ இருக்க, கை தன் பாட்டுக்குப் பித்தளைக் கிண்ணத்தை எடுத்து அலசிவிட்டது.

சீனியம்மாள் கெட்டவள் இல்லை. அந்த ஒரு மாதமும் மருமகளுக்குத் தலைசீவிவிட்டவள் அவள்தான். ஆனால் கழுவிப் பளபளத்த கிண்ணத்தைப் பார்த்ததும் அவள் வாயிலிருந்து, "பாலுகூட ஒறையாது. ஒங் கையில எதுதான் தங்குது?" என்று வந்துவிட்டது.

ஆவுடை கழுவின தண்ணீரோடு கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணில் நீர் மறைத்ததால் எது தொட்டி, எது டிரம் என்று தெரியவில்லை, ஒரு நீல மூடியைத் தூக்கி ஊற்றினாள், மூடினாள், கிண்ணத்தை மூடி மேல் கவிழ்த்து வைத்தாள், உடுத்திய சேலையோடு தாய்வீட்டுக்குப் பஸ் ஏறினாள். அது தொட்டி மூடி என்று ஜன்னலில் இருந்த எனக்குத் தெரிந்தது. அழுதுகொண்டு போகிற பெண்ணைக் கூப்பிட்டு மூடி மாறிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள்தான் வெள்ளிக்கிழமை. வாளி இறக்குவதற்காகப் பாக்கியத்தாய் மூடி மேலிருந்து தள்ளி வைத்த பித்தளைக் கிண்ணத்தைப் பார்த்ததும் யார் என்று தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று.

தோண்டியால் தண்ணீர் மொள்ள முடியாது என்று ஆனதும், மொள்ளுவதற்குப் பதில் அறுப்பது என்று தெரு முடிவு செய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ராமசுப்பு கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு ஊற்றி வில்லை போடுகிறவன், அவனிடம் நீளக் கத்தியும் மரச்சட்டமும் இருந்தன. பெண்டாட்டி போன துக்கத்தில் ராத்திரி சாப்பிடாதவன், காலையில் அம்மா சொல்லி அந்தக் கத்தியை எடுத்துவந்து தொட்டியில் இறங்கி, மிட்டாய்க்குக் கோடு போடுகிற மாதிரியே நீளத்தில் நாலு கட்டம், அகலத்தில் நாலு கட்டம் என்று கோடு போட்டு, ஒரு அடுக்கைச் சதுரம் சதுரமாக எடுத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து தினம் காலை ஆறு மணிக்கு அவன் தண்ணீர் அறுத்தான். பதினாறு வீட்டுக்கும் ஒரே அளவு, ஓரத்துத் துண்டு, நடுத்துண்டு என்ற பேச்சுக்குக்கூட இடம் இல்லை.

குடங்கள் அட்டத்துப் பரணுக்கு ஏறின. ஓலைப்பெட்டியில் தண்ணீர் வாங்கினோம், சேலை முந்தியில் கட்டிக்கொண்டு போனோம், அவசரத்துக்கு நியூஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனோம், ஒரு சொட்டும் சிந்தவில்லை. வாயில் போட்டால் நாக்கின் சூட்டில் இளகி இறங்கிற்று, சட்டியில் போட்டால் கொதித்தது, குளிக்கிறவர்கள் ஒரு துண்டை சோப்பு மாதிரி உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். பிள்ளைகள் டிபன் பாக்ஸில் ஒரு அடுக்கில் சோறும் ஒரு அடுக்கில் தண்ணீருமாகப் பள்ளிக்கூடம் போனார்கள். கை நடுக்கத்தால் ஆறு வருஷமாக மருமகள் குழல் வைத்துப் புகட்டினால்தான் தண்ணீர் என்று இருந்த சொர்ணம் பிள்ளை, வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கையாலேயே ஒரு துண்டை எடுத்துக் கடித்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "பாத்தியா, பாத்தியா" என்று காட்டினார். தனியாக இருக்கிற எனக்கு ஒரு நாளைக்கு ஒரு துண்டே அதிகம். பாதியைச் சாப்பிட்டு, மீதியை மேஜைமேல் வைத்து, அதன் வழியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தெரு கொஞ்சம் வளைந்து, கொஞ்சம் அழகாகத் தெரியும்.

நகராட்சியிலிருந்து ஓவர்சியர் சாம்பிள் பாட்டிலோடு வந்தார். பாட்டில் வாய்க்குள் தண்ணீர் போகவில்லை.

"இது குழாய்ல போகாதும்மா. குழாய்ல போகாதது எங்க செக்சன்ல வராது" என்றார்.

"அப்ப யாரு செக்சன் சார்?" என்றாள் பாக்கியத்தாய்.

"கெட்டியா இருந்தா சுகாதாரம். ஆனா அவங்க, குப்பை இல்லியே, நாங்க எப்படி அள்ளறதும்பாங்க."

"அப்ப எங்க செக்சன்லயே இருந்துட்டுப் போகட்டும். நீங்க ஒரு துண்டு சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

பதினொன்றாம் நாள் குழாய்த் தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்தது, அடியில் மிச்சம் நின்ற ஒரு அடுக்கு அதையும் விடிவதற்குள் உறைய வைத்தது. தொட்டிக்குள் எத்தனை நாள் இருந்தாலும் கெடவில்லை. ஆனால் அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோன துண்டு மூன்றாம் நாள் புளித்தது. இது முதலில் பாக்கியத்தாய்க்குத்தான் தெரிந்தது, ஏனென்றால் கட்டிலுக்கு அடியில் ஒன்பது துண்டு சேர்த்து வைத்திருந்தவள் அவள்தான். வாடை நாலு வீடு தாண்டிப் போனதும் ஒளிக்க வழியில்லாமல், கடுகு, வற்றல், கறிவேப்பிலை தாளித்து அதைத் தெருவுக்கே குழம்பாக ஊற்றினாள், நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் தண்ணீரைப் பதுக்கவில்லை, மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள், வீட்டுக்கு வீடு தண்ணீர் டிரம்களில் தொங்கின பூட்டுகளின் சாவிகள் எங்கே என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

தண்ணீர் இல்லாத ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொல்லி எங்கள் பையன்களை நாற்பது வயதுவரை நிறுத்தி வைத்திருந்த ஊர்களிலிருந்து தரகர்கள் வந்தார்கள். ஒரு துண்டு சாப்பிட்டார்கள், போனார்கள், பெண் வீட்டாரோடு திரும்பி வந்தார்கள். இரண்டு கல்யாணம் நிச்சயமாயிற்று. குழாயடிச் சண்டை இல்லாத தெரு, காற்று நின்ற மரம் மாதிரி இருந்தது. பாக்கியத்தாய் ஒருநாள் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து, "நாக்கு துருப்பிடிச்சுப் போச்சு டீச்சரம்மா. யாரையாச்சும் வஞ்சு மாசம் ஒண்ணாச்சு" என்று வருத்தப்பட்டாள்.

எல்லார் வீட்டிலும் தண்ணீர் உறைந்து நின்ற அந்த நாட்களில் சீனியம்மாள் வீட்டில் மட்டும் பால் உறையவில்லை. கிண்ணத்தில் இருந்த உயிர் எல்லாம் தொட்டிக்குப் போய்விட்டது. மற்றப் பதினைந்து வீட்டு உறைமோரையும் ஒவ்வொன்றாக வாங்கி ஊற்றிப் பார்த்தாள். மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தாள், ஒரு சுளை புளி போட்டுப் பார்த்தாள், வெள்ளிக் கொலுசைக் கழுவி உள்ளே இறக்கிப் பார்த்தாள். பால் பாலாகவே இருந்தது, திரியக்கூட இல்லை. ராமசுப்பு ரசஞ்சோற்றோடு எழுந்துவிடுவான். இரண்டு தடவை பெண்டாட்டியைக் கூப்பிடப் போனான், இரண்டு தடவையும் தனியாக வந்தான்.

"என்னடா சொன்னா?"

"'ஒங்கம்மா சொன்னது நெசந்தான?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல" என்றான், கத்தியைத் துடைத்தபடி.

அன்று மத்தியானம் சீனியம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். புத்தக அலமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "டீச்சரம்மா, இத்தன படிச்சிருக்கீங்களே. சொன்ன சொல்லத் திருப்பி எடுக்க எதுலயாச்சும் வழி போட்டிருக்கா?"

"இல்லை, சீனியம்மா."

"ஒண்ணுலகூடவா?"

"நேரில் போவதுதான் வழி. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை."

அவள் போகப்போகிறாள் என்று தெரிந்ததும் தெரு கூடியது. நாற்பது நாளில் நாங்கள் ஒன்று கண்டுபிடித்திருந்தோம், கண்டுபிடித்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தோம். அதைப் பாக்கியத்தாய் சொன்னாள். "யக்கா, தப்பா நெனைக்காத. அந்தப் புள்ள மனத்தாங்கல்லதான் இந்தத் தண்ணி நிக்கிது. அவ மனசு எளகுனா இதுவும் எளகிரும். ரெண்டு கல்யாணம் இருக்கு. தை முடியட்டுமே."

சொர்ணம் பிள்ளை தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

சீனியம்மாள் எங்கள் எல்லாரையும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தண்ணி வேணும், நெசந்தான். எனக்கு எம் மருமக வேணும்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை ராமசுப்பு, முதல் நாளிலிருந்து யாரும் தொடாமல் சுற்றிச் சுற்றி அறுத்து விட்டுவைத்திருந்த வேப்பிலைத் துண்டை அறுத்து அம்மாவிடம் கொடுத்தான். அவள் அதைப் புது வேட்டித் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள்.

"மடியில என்ன ஆத்தா?" என்றார் கண்டக்டர்.

"தண்ணி."

"தண்ணிக்கு டிக்கெட் இல்ல, வச்சுக்கோங்க."

விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டிலும் மோர் கொடுக்க மாட்டார்கள் என்பதால் அவள் விடிந்ததும் கிளம்பியிருந்தாள், ஆனால் பஸ் இரண்டு தடவை நின்றது, மூன்றாவது தடவை வேறு பஸ் வரும்வரை நின்றது. ஆற்றங்கரை ஊரில் இறங்கும்போது சாயங்கால வாசல் தெளித்து முடித்திருந்தார்கள். தெரு முழுக்க ஈரம். பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, வானம் கிடந்தது. சீனியம்மாள் ஒவ்வொரு தேங்கலையும், தரையில் சிந்திய சோற்றை மிதிக்கக் கூடாதென்று விலகுகிற மாதிரி, விலகி விலகி நடந்தாள். இதைப் பார்த்துச் சிரித்ததாகப் பிறகு ஆவுடை என்னிடம் சொன்னாள். மாடியிலிருந்து அத்தை நடந்து வருவதைப் பார்த்து முதலில் சிரிப்புத்தான் வந்ததாம், பிறகுதான் கோபம் ஞாபகம் வந்ததாம்.

வாசலில் ஆவுடையின் அம்மா சங்கரவடிவு நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"என்ன மதினி, இம்புட்டுத் தூரம்?"

"ஒறமோர் வாங்க வந்தேன்."

"ஒங்க ஊர்ல மோர் கெடைக்காதாக்கும்?"

"எங்க வீட்டுது போயிருச்சு. இந்த வீட்டுல கெடைக்கும்னு வந்தேன்."

"வெளக்கு வச்சாச்சே மதினி. மோர் குடுக்க மாட்டோமே."

"தெரியும். விடியட்டும். நான் இப்படியே இருக்கேன்" என்று சீனியம்மாள் வாசற்படிக்குக் கீழே, ஈரத்தில், உட்காரப் போனாள்.

"அங்க எதுக்கு அத்தே, உள்ள வாங்க" என்றது ஆவுடையின் குரல்.

உள்ளே போனாள். நாற்காலியில் உட்காரவில்லை. துணியை அவிழ்த்து, துண்டை ஒரு தட்டில் வைத்தாள். நாள் முழுக்க மடிச்சூட்டில் இருந்தும் ஒரு முனைகூட மழுங்காமல், நடுவில் பச்சை வேப்பிலையோடு அது நடுங்கி நின்றது.

"இது ஒங் கை வச்சது, தாயி. நாப்பது நாளாப் பதினாறு வீடு இதத்தான் சாப்பிடுது. ஒங் கையில எதுவும் தங்காதுன்னு சொன்னேன். என் வாயிலதான் எதுவும் தங்கல."

ஆவுடை தட்டைப் பார்த்தாள். "ரெண்டும் போச்சே அத்தே. அது எங் கையா?"

"இல்ல."

"பின்ன யாரு கை?"

"யாரு கையும் இல்ல தாயி. யாரு கையும் இல்ல."

சங்கரவடிவு அடுப்படிக்குப் போய்விட்டாள். இவர்கள் இரண்டு பேரும் அழுதார்களா என்று நான் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து ஆவுடை எழுந்து, காய்ச்சி இறக்கியிருந்த பாலில் விரல் விட்டுச் சூடு பார்த்தாள், தட்டில் இருந்த துண்டின் ஒரு முனையைக் கிள்ளிப் போட்டுக் கலக்கினாள், மூடினாள். அதன் பிறகு, உறைகிற பால் ஆடக் கூடாதென்று, அந்த வீட்டில் யாரும் கனமாகக் கால் வைக்கவில்லை.

விடிந்து மூடியைத் திறந்தபோது பால் உறைந்திருந்தது. ஆவுடை கரண்டியால் வெட்டி, முதல் துண்டை அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள். சீனியம்மாள் அதை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "நம்ம வீட்டுதுதான்" என்றாள். தட்டில் மிச்சம் இருந்த சதுரம் அந்த நேரம் சத்தமில்லாமல் தண்ணீராகிப் பரவியது, வேப்பிலை மிதந்தது.

எங்கள் தெருவிலும் அதே நேரம்தான். ராமசுப்பு கோடு போட்டு எங்களுக்குக் கொடுத்துவிட்டு கடைசி வரிசைக்குக் கத்தியை இறக்கியிருந்தான். தொட்டி ஒரு பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. கத்தி முங்கிற்று, அவன் தோள்பட்டைவரை நனைந்தான். ஓலைப்பெட்டிகளிலிருந்து தண்ணீர் ஒழுகிற்று, முந்திகளிலிருந்து ஒழுகிற்று, பேப்பரிலிருந்து ஒழுகிற்று, பாக்கியத்தாய் கால் முதல் இடுப்புவரை நனைந்து தெரு நடுவில் நின்றாள். அவ்வளவு தண்ணீர் தரையில் ஓடி நாங்கள் பார்த்ததில்லை, ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கொண்டோம், பிறகு யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும். சொர்ணம் பிள்ளையின் துண்டு அவர் விரலிடுக்கு வழியாக முழங்கைக்கு ஓடிற்று. அவர் மட்டும் சிரிக்கவில்லை, ஈரக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "நாப்பது நாள்" என்றார்.

நிச்சயமான கல்யாணம் இரண்டில் ஒன்று நின்றுபோயிற்று. மற்றப் பெண், தண்ணீரைப் பார்த்துச் சம்மதித்தது என் அப்பாதான், நான் மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் சம்மதித்தேன் என்று சொல்லி வந்துவிட்டாள்.

மாமியாரும் மருமகளும் சாயங்காலம் வந்து இறங்கினார்கள். ஆவுடை மடியில் தயிர்ச்சட்டி. ராமசுப்பு பஸ் ஸ்டாப்பிலேயே போய் நின்றிருந்தான், சட்டியை வாங்கிக்கொண்டான், அது ஆடக் கூடாதென்று அவன் நடந்து வந்த நடையைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

"வந்துட்டியா மகராசி" என்றாள் பாக்கியத்தாய், இடுப்பில் கைவைத்து, நாற்பது நாள் துரு உதிர்கிற குரலில். "இருந்த தண்ணியையும் எளக்கிட்டு வந்துட்ட."

"கட்டிலுக்கடியில மிச்சம் இருக்குமே பெரியம்மா, ஒம்போது துண்டு" என்றாள் ஆவுடை.

பாக்கியத்தாய்க்கு முகம் மலர்ந்துபோயிற்று. வைவதற்கு ஆள் வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை, பித்தளைக் கிண்ணத்திலிருந்த உறைமோரை ஒரு சின்னச் செம்புக்கு மாற்றிவிட்டு, ஆவுடை கிண்ணத்தைக் கழுவினாள். ஆற்றங்கரைக் கை, இனி அது தினம் கழுவும் என்று சீனியம்மாள் ஒத்துக்கொண்டிருந்தாள். கழுவின தண்ணீரோடு ஆவுடை வெளியே வந்து, தொட்டிக்கும் டிரம்முக்கும் நடுவில், இரண்டு நீல மூடிக்கும் நடுவில் நின்றாள். பெருக்கிக்கொண்டிருந்த பாக்கியத்தாயின் விளக்குமாறு நின்றது. சொர்ணம் பிள்ளை நாற்காலியில் முன்னுக்கு வந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தொட்டிப் பக்கம் அவள் கை போகாதா என்று பதினாறு வீடும் மனசுக்குள் கேட்டுக்கொண்டு நின்றது.

"எதுல ஊத்தட்டும் அத்தே?"

சீனியம்மாள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் சொல்லாததைச் சொன்னாள்.

"ஒனக்கு எங்க தோணுதோ அங்க ஊத்து, தாயி."

ஆவுடை தொட்டியைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தைச் சாய்த்து, இரண்டுக்கும் நடுவில், வெறும் தரையில் ஊற்றினாள். கரிசல் மண் அதை உடனே குடித்தது. ஒரு கிண்ணம் தண்ணீர் எல்லார் கண்முன்னாலும் வீணாகப் போனது, பதினாறு வாசலில் ஒரு வாசலிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை.